பனிக்கரடி மீன் பிடிக்காதா?
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வெளியான பனிக்கரடிப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த கேள்விகளில் பெரும்பாதி இராமநாதபுரம் கரையோர ஊர்களிலிருந்து வந்தவை. கடலில் பிழைப்பவர்கள் கேட்கும் கேள்விக்கு ஒரு தனிக் கூர்மை உண்டு. எனவே இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

எலும்பும் தோலுமாகத் தள்ளாடும் பனிக்கரடி வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சுற்றிலும் கடல்தானே? மீனைப் பிடித்துத் தின்ன வேண்டியதுதானே? (மண்டபம் வாசகர்)

மீன் சிக்கினால் தின்னும். ஆனால் மீனை நம்பி அதனால் உயிர்வாழ முடியாது. பனிக்கரடி நன்றாக நீந்தும், மணிக்கணக்காக நீந்தும். ஆனால் தண்ணீருக்குள் துரத்திப் பிடிக்கும் வேகம் அதற்குக் கிடையாது. ஆர்க்டிக் கடலில் பனிக்கு அடியில் திரிவது பெரும்பாலும் ஒரு சாண் நீளமுள்ள காட் மீன்கள். அவற்றைத் துரத்தினால் கிடைப்பதைவிடச் செலவாகும் தெம்புதான் அதிகம். அந்த மீனைச் சீல் என்ற கடல் பாலூட்டி தின்கிறது, சீலைக் கரடி தின்கிறது. மீனிலிருக்கும் கொழுப்பைச் சேர்த்துத் திரட்டிக் கொடுக்கும் வேலையைச் சீல் செய்கிறது.

அந்தச் சீலையும் திறந்த கடலில் கரடியால் பிடிக்க முடியாது. மிதக்கும் கடல்பனி வேண்டும். உங்கள் ஊரில் வள்ளம் இல்லாத மீனவருக்கு என்ன கதியோ, பனி இல்லாத கரடிக்கும் அதே கதிதான்: கீழே எவ்வளவு இருந்தாலும் கைக்கு எட்டாது.

அந்த வீடியோ பற்றி ஒரு வார்த்தை. 2017இல் கனடாவில் எடுத்த அத்தகைய காட்சி ஒன்று உலகெங்கும் பரவியது. கரடி மெலியப் பல்வலி, காயம், முதுமை, நோய் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். ஒரே ஒரு கரடியைக் காட்டி ‘பருவநிலை மாற்றத்தின் முகம் இதுதான்’ என்று சொல்வது பிழை. அதை வெளியிட்ட பத்திரிகையே மறு ஆண்டு, அளவுமீறிச் சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டது. பல ஆண்டுகள், பல கரடிகளை எடைபோட்டும் எண்ணியும் வரும் கணக்குத்தான் சான்று. அத்தகைய சில கணக்குகள் கீழே வருகின்றன.

பனியில் நின்றுகொண்டு கீழே நீந்தும் சீலை எப்படிப் பிடிக்கிறது? தொழில்முறையாகச் சொல்லுங்கள். (பாம்பன், நாட்டுப்படகு மீனவர்)

முதலில் சீலைப் பற்றி. கரடியின் முக்கிய இரை வளையச் சீல். வளர்ந்தது 50 முதல் 70 கிலோ வரும். அடுத்தது அதைவிடப் பல மடங்கு பெரிய தாடிச் சீல். சீலுக்கு நுரையீரல், எனவே மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். குளிர்காலத்தில் கடல் உறையத் தொடங்கும்போதே வளையச் சீல் தன் முன்துடுப்பின் நகங்களால் பனியைச் சுரண்டிச் சுரண்டி மூச்சுத்துளைகளைத் திறந்தே வைத்திருக்கும். பனி இரண்டு மீட்டர் கனத்தாலும் துளை மூடாது. ஒரு சீலுக்கு இப்படிப் பல துளைகள் இருக்கும். மேலே பனித்தூள் மூடியிருப்பதால் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கரடியின் மூக்குக்குத் தெரியும்.

முதல் முறை, காத்திருப்பு. காற்று எதிரே வீசும் பக்கமாகக் கரடி துளையை நெருங்குகிறது. துளை அருகே நின்றோ குப்புறப் படுத்தோ காத்திருக்கிறது. அசையக் கூடாது, காலை மாற்றி வைத்தாலும் பனி வழியே அதிர்வு கீழே போய்விடும். சீல் மூச்சுவிடும் சத்தம் கேட்ட நொடியில் தலையைத் துளைக்குள் விட்டுக் கவ்வி, அப்படியே வெளியே இழுத்துப் போடும். மணிக்கணக்கில் காத்திருந்தும் சீல் வேறு துளைக்குப் போய்விட்டால் பாடு இல்லை. பெரும்பாலான முயற்சிகள் வெறுங்கையோடுதான் முடிகின்றன.

இரண்டாவது, வளை உடைப்பு. மார்ச் கடைசி, ஏப்ரலில் சீல் தன் மூச்சுத்துளைக்கு மேலே குவிந்த பனித்தூளைக் குடைந்து அறை அமைத்துக் குட்டி போடும். கரடி மோப்பம் பிடித்து வந்து, பின்காலில் எழும்பி, முன்கால் இரண்டையும் சேர்த்துக் கூரைமேல் ‘தொம்’மென்று இறக்கும். கூரை முதல் அடியிலேயே உடைந்தால் குட்டி கிடைக்கும். இரண்டாவது, மூன்றாவது அடி தேவைப்பட்டால் அதற்குள் தாயும் குட்டியும் துளை வழியே கடலுக்குள் போய்விடும்.

மூன்றாவது, பதுங்கிச் செல்வது. மே, ஜூனில் சீல்கள் பனிமேல் ஏறி வெயில் காயும். ஒரு நிமிடம் கூடத் தொடர்ந்து தூங்காது. தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி சாயும். தலை சாய்ந்திருக்கும்போது கரடி நகரும், நிமிர்ந்தால் அப்படியே உறையும். கடைசி இருபது முப்பது மீட்டரைத்தான் பாய்ந்து கடக்கும்.

பருவநிலை மாற்றம் இந்த மூன்றிலும் வேறுவேறு இடத்தில் கை வைக்கிறது. வசந்தத்தில் பனித்தூளுக்குப் பதில் மழை பெய்தால் சீலின் அறைகள் இடிந்து குட்டிகள் வெட்டவெளிக்கு வந்துவிடும். அந்த ஆண்டு கரடிக்குச் சுலப வேட்டைதான். ஆனால் குட்டிகள் அழிந்தால் பின்வரும் ஆண்டுகளில் சீலே குறையும். ஜூனில் பனி உடைந்துவிட்டால் மூன்றாவது முறைக்கு இடமே இல்லை. ஏப்ரல் முதல் ஜூலைத் தொடக்கம் வரைதான் கரடி தன் ஆண்டுத் தேவையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைச் சேர்க்கிறது. உங்கள் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஓடும் ஏப்ரல் 15 – ஜூன் 14, அங்கே கரடியின் முக்கிய வருமானக் காலம். அதிலிருந்து இரண்டு வாரம் போனால் அந்த இழப்பைக் குளிர்காலத்தில் ஈடுகட்ட முடியாது. அப்போது பால்குடி மறந்த கொழுத்த சீல் குட்டிகள் கிடையாது.

ஒரு வேளைக்கு எவ்வளவு தின்னும்? (கீழக்கரை, இல்லத்தரசி)

தன் எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை வயிறு கொள்ளும் என்பது மதிப்பீடு. 300 கிலோ கரடி என்றால் 45 முதல் 60 கிலோ. ஆனால் எதைத் தின்கிறது என்பதுதான் சுவாரசியம். சீல் நிறையக் கிடைக்கும் காலத்தில் தோலையும் அதன் அடியிலுள்ள கொழுப்பையும் மட்டும் உரித்துத் தின்றுவிட்டு, சிவந்த இறைச்சியை அப்படியே போட்டுவிட்டுப் போகும். பின்னால் வரும் ஆர்க்டிக் நரிகளுக்கு அதுதான் விருந்து.

வீணடிப்பு போலத் தெரியும். கணக்குப் பார்த்தால் காரணம் புரியும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி, புரதத்தில் 4. கரடியின் குடல் கொழுப்பில் 97 சதவீதத்தையும் புரதத்தில் 84 சதவீதத்தையும் உறிஞ்சுகிறது. இன்னொன்று, தண்ணீர். புரதம் அதிகம் தின்றால் யூரியாவைச் சிறுநீரில் வெளியேற்ற நீர் வேண்டும். பனியை விழுங்கி உருக்கவும் உடம்பு சூடு செலவாகும். கொழுப்பு எரியும்போது நீர் உடம்புக்குள்ளேயே உண்டாகிறது. எனவே கொழுப்பு தின்னும் கரடிக்குத் தாகமும் பெரிய பிரச்சினை இல்லை.

நாளொன்றுக்குச் சுமார் 2 கிலோ கொழுப்பு கிடைத்தால் தாக்குப்பிடிக்கும். 55 கிலோ வளையச் சீல் ஒன்று ஏறக்குறைய 8 நாளுக்கு வரும் என்பது பழைய கணக்கு. 2018இல் வந்த ஆய்வு அதைச் சற்றுக் கடினமாக்கியது. அலாஸ்காவுக்கு வடக்கே போஃபோர்ட் கடலில் 9 பெண் கரடிகளுக்குக் கழுத்துப்பட்டையில் கேமரா மாட்டிப் பார்த்தார்கள். அதுவரை நினைத்ததைவிட 1.6 மடங்கு தெம்பு செலவாகிறது: நாளொன்றுக்குச் சராசரி 12,325 கிலோகலோரி. இதை ஈடுகட்ட 10–12 நாளுக்கு ஒருமுறை வளர்ந்த வளையச் சீல் ஒன்று, அல்லது இளஞ்சீல் மூன்று, அல்லது பிறந்த குட்டிகள் 19 வேண்டும். ஒன்பதில் ஐந்து கரடிகள் அந்தச் சில நாட்களிலேயே எடை இழந்தன. அதுவும் ஏப்ரலில், பனி நன்றாக இருந்தபோது.

பனிக்கரடி பென்குவினைத் தின்னுமா? (ஏர்வாடி, எட்டாம் வகுப்பு மாணவர்)

வாய்ப்பே இல்லை. கரடி வடதுருவப் பக்கம், பென்குவின் தென்பக்கம். இரண்டையும் ஒரே பனியில் நிறுத்தும் விளம்பரங்களை நம்பாதீர்கள்.

பனி உருகினால் என்ன, நிலத்தில் முட்டை, பழம், மான் என்று தின்னப் பழகிவிட்டதாகப் படித்தேனே? மிருகங்கள் மாறிக்கொள்ளும் அல்லவா? (தொண்டி, பள்ளி ஆசிரியர்)

படித்தது பொய்யில்லை. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் கரடிகள் வாத்துக்கூடு கூடாகப் போய் முட்டைகளைக் காலி செய்கின்றன. துருவப் பகுதிக் கலைமானை (ரெயின்டீர்) துரத்திப் பிடித்ததும் படமாகியிருக்கிறது. தின்கிறது என்பதில் சந்தேகமில்லை. அது கட்டுபடியாகுமா என்பதுதான் கேள்வி.

மேலே சொன்ன 12,325 கிலோகலோரியை நம்மூர்க் கோழிமுட்டையில் போட்டுப் பாருங்கள். ஒரு முட்டை 70 கிலோகலோரி என்றால் ஒரு நாளைக்கு 176 முட்டை. ஓய்வாகப் படுத்திருக்கும் கரடிக்கு இதைவிடக் குறைவாகப் போதும்தான். ஆனால் கூடு தேடி அலைந்தால் ஓய்வு எங்கே? தவிர, பறவைகள் அடைகாப்பது சில வாரம் மட்டுமே. கரடி கொஞ்சம் தாமதமாகப் போனால் இருப்பது வெறுங்கூடு.

இதை நேரடியாகச் சோதித்த ஆய்வு 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. கனடாவின் ஹட்சன் விரிகுடா மேற்குக் கரையில், கோடையில் நிலத்துக்கு வந்த 20 கரடிகளை மூன்று வாரம் கேமராவோடு பின்தொடர்ந்தார்கள். ஒரு சாரார் அசையாமல் படுத்துத் தெம்பை மிச்சப்படுத்தின. இன்னொரு சாரார் புதர்ப்பழம், புல், கடல்பாசி, செத்த பறவை, எலும்பு என்று கிடைத்ததையெல்லாம் மென்றன. மூன்று கரடிகள் நெடுந்தூரம் நீந்தின. அதிகபட்சம் 175 கிலோமீட்டர். நீந்தும்போது இரண்டுக்குக் கடலில் மிதந்த செத்த விலங்குகள் கிடைத்தும், நீந்திக்கொண்டே தின்னவும் முடியவில்லை, கரைக்கு இழுத்துவரவும் முடியவில்லை. முடிவில் 20இல் 19 எடை இழந்தன, நாளுக்கு 0.4 முதல் 1.7 கிலோ வரை. கவனியுங்கள்: பழம் தின்றவையும் படுத்திருந்தவையும் ஏறக்குறைய ஒரே அளவில் இளைத்தன. தின்றதில் கிடைத்தது தேடியதில் போய்விட்டது. எடை கூடிய ஒரே கரடிக்கு நிலத்தில் செத்த விலங்கு ஒன்று அகப்பட்டிருந்தது.

அந்தக் கரையில் இப்போது கரடிகள் நிலத்தில் கழிக்கும் காலம் சுமார் 130 நாள்; 1979இல் இருந்ததைவிட ஏறத்தாழ மூன்று வாரம் அதிகம். ‘மாறிக்கொள்ளும்’ என்ற சொல்லை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பழக்கம் மாறலாம், கொழுப்பை நம்பி அமைந்த உடம்பு சில பத்தாண்டுகளில் மாறாது.

நாமே உணவு போட்டால் என்ன? (இராமேஸ்வரம் வாசகர்)

போட்டுப் பார்க்காமலே விளைவு தெரியும். ‘பனிக்கரடித் தலைநகர்’ எனப்படும் கனடாவின் சர்ச்சில் ஊர்க் குப்பைமேட்டில் கரடிகள் பல ஆண்டுகள் மேய்ந்தன. 2005இல் அதை மூடினார்கள். 2019 பிப்ரவரியில் ரஷ்யாவின் நோவயா ஜெம்லியா தீவில் பெலுஷியா குபா என்ற ஊருக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட கரடிகள் வந்து, நெருக்கடிநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. மனித வாடையையும் சோற்றையும் சேர்த்துப் பழகிய கரடி கடைசியில் சுடப்படும். பிளாஸ்டிக் விழுங்குவது தனிக் கேடு.

திமிங்கலம் கரை ஒதுங்குவது வேறு சங்கதி. 2017இல் ரஷ்யாவின் ரேங்கல் தீவில் ஒதுங்கிய ஒரே திமிங்கல உடலுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட கரடிகள் கூடின. ஆனால் அதிர்ஷ்டத்தை ஆண்டுதோறும் எதிர்பார்க்க முடியாது.

நம் கடலில் இப்படி ஒரே உணவை நம்பிய விலங்கு உண்டா? (தேவிபட்டினம், கல்லூரி மாணவி)

உண்டு, உங்கள் ஊருக்கு முன்னாலேயே. ஆவுளியா என்கிற கடல் பசு. கரடி கொழுப்புக்கு எப்படியோ, இது கடல்புல்லுக்கு அப்படி. இரண்டரை, மூன்று மீட்டர் நீளம் வளர்ந்த ஆவுளியா நாளொன்றுக்கு 30–40 கிலோ புல் தின்னும். நாரைச் செரிக்கவே அதன் குடல் 25 மீட்டரைத் தாண்டி நீள்கிறது.

மேயும் விதம் மாட்டைப் போல நுனியைக் கடிப்பதில்லை. மூஞ்சியை மணலில் பதித்து, வேர்க்கிழங்கோடு தோண்டிக்கொண்டே முன்னே நகரும். நீர் தெளிந்த நாளில் பாக் நீரிணையின் ஆழமற்ற பகுதியில் பார்த்தால், ஒரு சாண் அகலத்தில், சில மீட்டர் நீளத்தில், புல் இல்லாத வளைந்த தடம் தெரியும். அதுதான் மேய்ந்த தடம். ஓரம் கூர்மையாக, உள்ளே புது மணலாக இருந்தால் அண்மையில் மேய்ந்தது. ஓரம் சரிந்து, இளந்தளிர் முளைத்திருந்தால் பழையது. இழுவை மடி (படகு இழுத்துப் போகும் வலை) போன தடம் இதைவிட அகலமாக, நேராக, வெகுதூரம் போகும். இரண்டையும் குழப்ப முடியாது.

புல்லுக்கு எது கேடு? வெளிச்சம் குறைவதுதான் முதல் கேடு. கடல்புல் பாசியல்ல, வேரும் பூவும் உள்ள செடி, வெயில் படாவிட்டால் சாகும். சேறு கலங்கினாலும், கழிவுநீரால் இலைமேல் பாசி படிந்தாலும் வெளிச்சம் போய்விடும். அடுத்தது புயலும் பெருவெள்ளமும். சித்திரை, வைகாசி வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆண்டுகளில் பவளப்பாறைகளை வெளுக்க வைத்த அதே சூடான நீர், ஆழமற்ற இடத்துப் புல்லுக்கும் நல்லதல்ல.

புல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ஹெர்வி விரிகுடா பாடம். 1992இல் இரண்டு வெள்ளமும் ஒரு புயலும் அடுத்தடுத்து வந்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல்புல்லைச் சேற்றில் மூழ்கடித்தன. ஆவுளியாக்கள் உடனே சாகவில்லை. சில மாதம் கழித்து, கொழுப்பு கரைந்து, எலும்பு தெரியக் கரை ஒதுங்கின. வேறு இடத்துக்குப் போனவற்றிலும் பல பட்டினியால் இறந்தன. பாசியைக் கொறித்துத் தாக்குப்பிடிக்கப் பார்க்கும். கரடிக்கு முட்டை எப்படியோ, இதற்குப் பாசி அப்படித்தான். ஒரு குட்டிக்கு 13, 14 மாதச் சினை, அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு இடைவெளி. எனவே இழப்பு எளிதில் நிரம்பாது.

ஒரு வேறுபாடு நமக்குச் சாதகம். உருகும் பனியை தேவிபட்டினத்திலிருந்து யாரும் நிறுத்த முடியாது. புல்வெளியில் மடி இழுக்காமல் இருக்க முடியும். 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடல் பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆனால் ஆவுளியாவுக்கு மாவட்ட எல்லை தெரியாது. தொண்டிக் கடலுக்கும் வரும்.

வலையில் ஆவுளியா சிக்கினால் என்ன செய்வது? (திருப்பாலைக்குடி, மீனவர்)

சில நிமிடத்துக்கு ஒருமுறை அதற்கு மூச்சு வேண்டும். எனவே முதலில் மூக்கு நீருக்கு மேலே வரும்படி வலையைத் தூக்கிப் பிடியுங்கள். பிறகு தலைப் பக்கத்துக் கண்ணிகளிலிருந்து அறுத்துக்கொண்டு வாருங்கள். வாலிலிருந்து தொடங்கினால் துள்ளி இன்னும் சுற்றிக்கொள்ளும். வாலில் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. படகில் ஏற்றவும் கூடாது. நீரில் மிதந்தே பழகிய உடம்பு, தன் எடையே நுரையீரலை அழுத்தும். குட்டி பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டையும் பிரிக்காமல் விடுங்கள். கரைக்கு வந்ததும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு இது. உயிரோடு விட்டவர் பயப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் பனிக்கரடி இனமே போய்விடுமா? (பரமக்குடி வாசகர்)

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. உலகில் ஏறத்தாழ 26,000 கரடிகள் இருப்பதாக மதிப்பீடு. ஆர்க்டிக் முழுவதும் 20 கூட்டங்களாகப் பிரித்துக் கணக்கெடுக்கிறார்கள். சில நிலையாக உள்ளன. மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 1987இல் சுமார் 1,200 இருந்தவை, 2016இல் 842 ஆகி, 2021இல் 618 ஆகிவிட்டன. தென்கிழக்கு கிரீன்லாந்தில் சில நூறு கரடிகள் ஆண்டில் 250 நாளுக்கு மேல் கடல்பனி இல்லாமலே பிழைப்பதை 2022இல் கண்டறிந்தார்கள்; மலைப் பனியாறுகளிலிருந்து உடைந்து கடலில் விழும் கட்டிகள்மேல் நின்று சீல் பிடிக்கின்றன. நல்ல செய்திதான். ஆனால் அத்தகைய பனியாற்று முகங்கள் ஆர்க்டிக்கில் சில இடங்களில்தான் உண்டு. அங்கும் பாருங்கள், கரடி உணவை மாற்றவில்லை. நிற்கும் இடத்தைத்தான் மாற்றியிருக்கிறது.

சுறா ஈரல் எண்ணெயை மருந்தாகக் குடிக்கிறோம். பனிக்கரடி ஈரல்? (வாலிநோக்கம், மூத்த வாசகர்)

தொட்டுவிடாதீர்கள், ஐயா! அதில் ஒரு கிராமுக்கு 13,000 முதல் 18,000 அலகு வைட்டமின் ஏ பதிவாகியிருக்கிறது. வளர்ந்த மனிதருக்கு ஒரு நாளைய உச்ச வரம்பே 10,000 அலகுதான். ஆர்க்டிக்கில் சிக்கிய டச்சு மாலுமிகள் 1597இல் கரடி ஈரலைச் சமைத்துத் தின்று, உடம்பெல்லாம் தோல் உரிந்து கிடந்தது பதிவாகியிருக்கிறது. பாசியில் தொடங்கி மீன், சீல் வழியாக ஏறிவரும் வைட்டமின் கரடியின் ஈரலில் வந்து குவிகிறது.

இதே வழியில் தொழிற்சாலை இரசாயனங்களும் ஏறி வந்து கரடியின் கொழுப்பில் தங்குகின்றன. கொழுப்பு கரையாதவரை அவை அதிகம் தொல்லை தருவதில்லை. பட்டினி நாட்கள் நீண்டு கொழுப்பு கரையும்போது இரத்தத்துக்கும், குட்டி குடிக்கும் பாலுக்கும் போய்ச் சேர்கின்றன. பனிக்கரடிப் பாலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு என்பதால் குட்டிக்குப் போகும் பங்கும் கணிசம்.